கடல் தாண்டும் கைச்செலவுப் பணம்: பயணக் குடும்பங்களின் கோரிக்கைச் சாசனம்

இந்திய ரிசர்வ் வங்கிக்கு, ஒன்றிய நிதி அமைச்சகத்துக்கு, கார்டு வழங்கும் வங்கிகளுக்கு, உரிமம் பெற்ற பணமாற்று நிறுவனங்களுக்கு, விமான நிலையங்களை நடத்துவோருக்கு, டூர் ஏற்பாட்டாளர்களுக்கு:

நாங்கள் அடிக்கடி வெளிநாடு போகிறவர்கள் இல்லை. சீட்டு எடுத்த பணம், போனஸ், வீட்டுப் பெரியவர் ஓய்வுபெற்றபோது ஒதுக்கி வைத்த தொகை என்று எதையாவது சேர்த்து, பிள்ளைகளின் மே மாத விடுமுறையில் ஒரு வாரம் சிங்கப்பூரோ மலேசியாவோ இலங்கையோ தாய்லாந்தோ துபாயோ போய் வருகிறவர்கள். டிக்கெட், விசா, ஹோட்டல் எல்லாம் புறப்படும் முன்பே கட்டியாகிவிடும். மிச்சம் இருப்பது கைச்செலவுப் பணம். சாப்பாடு, ரயில், மிருகக்காட்சி சாலை நுழைவுச் சீட்டு, ஊருக்கு வாங்கி வரும் சாக்லேட், பக்கத்து வீட்டு அம்மா சொல்லி அனுப்பிய கோடாலித் தைலம் எல்லாம் இதிலிருந்துதான். ஒரு குடும்பத்துக்கு இது ஐம்பதாயிரம் ஆகலாம், ஒன்றரை லட்சமும் ஆகலாம்.

இந்தப் பணத்தை எப்படிக் கொண்டு போவது? ரொக்கம், முன்கூட்டியே வெளிநாட்டுப் பணம் ஏற்றிய ஃபாரெக்ஸ் கார்டு, நம் வங்கியின் டெபிட் அல்லது கிரெடிட் கார்டு, சில நாடுகளில் யுபிஐ என்று நான்கு வழிகள் உண்டு. எது நல்லது என்று கேட்டால் அலுவலகத்தில் ஒருவர் ஒன்றைச் சொல்வார், மச்சான் வேறொன்றைச் சொல்வார், கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் தன்னிடம் இருப்பதைச் சொல்வார். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. ரொக்கத்தின் விலை பலகையில் ஒரு மாற்று விகிதமாக எழுதியிருக்கிறது. கார்டின் விலை, கட்டண அட்டவணையின் பதினைந்தாவது வரியில் ‘3.5 சதவீதம் மற்றும் ஜிஎஸ்டி’ என்று இருக்கிறது. ஃபாரெக்ஸ் கார்டின் விலை பாதி விகிதத்திலும் பாதி கட்டணத்திலும் ஒளிந்திருக்கிறது. ஒன்றைப் படியாலும், இன்னொன்றைக் கிலோவாலும், மற்றொன்றை முழத்தாலும் அளந்து வைத்துவிட்டு எது மலிவு என்று எங்களையே கேட்டால் என்ன சொல்வோம்?

ஒரு காலத்தில் எங்கள் பிரச்சினை வேறாக இருந்தது. 1960களில் வெளிநாடு புறப்பட்ட இந்தியர் கையில் எட்டு டாலருக்கு மேல் கிடைப்பது அரிது. அந்நியச் செலாவணியைக் கட்டுப்படுத்திய 1973இன் ஃபெரா சட்டம் போய் 1999இல் ஃபெமா வந்தது. 2004 பிப்ரவரியில் தாராளமயப் பணம் அனுப்பும் திட்டம் ஆண்டுக்கு 25,000 டாலர் உச்சவரம்போடு தொடங்கி, இன்று ஆளுக்கு 2,50,000 டாலர் வரை வந்து நிற்கிறது. அனுமதிக்கு இன்று நாங்கள் ஏங்கவில்லை. எங்கள் பணம் கடல் தாண்டும்போது எவ்வளவு கரைகிறது என்பதைத்தான் கண்ணால் பார்க்க முடியவில்லை. இந்தச் சாசனம் அதைப் பற்றியது.

எல்லாம் சேர்த்து எவ்வளவு?

எங்கள் தலையாய கோரிக்கை இது. வெளிநாட்டுப் பணத்தை எந்த வடிவில் விற்றாலும், விகிதமும் கமிஷனும் கட்டணமும் வரியும் சேர்த்து ஒரே ரூபாய்த் தொகையாக எழுதிக் காட்ட வேண்டும். ‘1,000 சிங்கப்பூர் டாலர் உங்கள் கைக்கு வர இத்தனை ரூபாய்.’ அதன் கீழே அன்றைய சந்தை நடு விகிதப்படி அதன் மதிப்பு. அதற்கும் கீழே, மீதியைத் திருப்பிக் கொடுத்தால் டாலருக்கு என்ன கிடைக்கும் என்பது. மூன்றே வரிகள்.

மூன்றாவது வரியை ஏன் இப்படி அழுத்திக் கேட்கிறோம் என்பதற்கு ஒரு கணக்கு. எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. கணக்குப் போடும் முறை நடைமுறையில் உள்ளது.

நடு விகிதம் டாலருக்கு 70 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கவுன்டரில் ரொக்கம் 72. ஆயிரம் டாலருக்கு 72,000. பணமாற்றத்துக்கான ஜிஎஸ்டி அடுக்கு முறைப்படி, ஒரு லட்சம் வரை தொகையின் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக எடுத்து அதன்மேல் 18 சதவீதம் போடுவார்கள். அந்த மதிப்பு குறைந்தது 250 ரூபாய். ஆக வரி 130 ரூபாய், மொத்தம் 72,130. ஃபாரெக்ஸ் கார்டில் விகிதம் 71.50, கார்டு கட்டணம் 300, இரண்டுக்கும் ஜிஎஸ்டி. மொத்தம் 71,983. கிரெடிட் கார்டில் அதே ஆயிரம் டாலரைத் தேய்த்தால் 70,000, அதன்மேல் 3.5 சதவீதம், அந்த 3.5 சதவீதத்தின்மேல் ஜிஎஸ்டி. மொத்தம் 72,891. கிரெடிட் கார்டுதான் விலை அதிகம், ரொக்கத்தைவிட 761 ரூபாய் கூடுதல். பேச்சு முடிந்தது என்று தோன்றும்.

முடியவில்லை. எந்தக் குடும்பமும் ஆயிரம் டாலரைக் காசு மிச்சமின்றிச் செலவழித்துவிட்டு விமானம் ஏறுவதில்லை. 850 செலவாகி 150 மிஞ்சியது என்போம். திரும்பி வந்து கவுன்டரில் கொடுத்தால் டாலருக்கு 68 ரூபாய், அதிலும் குறைந்தபட்ச ஜிஎஸ்டி 45 ரூபாய் போகும். கைக்கு வருவது 10,155. இதைக் கழித்துப் பார்த்தால், செலவான 850 டாலருக்கு ரொக்க வழியில் நாம் கொடுத்தது 61,975. ஃபாரெக்ஸ் கார்டில் 61,828. கிரெடிட் கார்டில் மீதி என்ற பேச்சே இல்லை, தேய்த்த 850க்கு மட்டும் 61,957. விலை அதிகம் என்று ஒதுக்கிய கார்டு இப்போது ரொக்கத்தைவிடப் பதினெட்டு ரூபாய் மலிவு. மிஞ்சும் தொகை இன்னும் கொஞ்சம் கூடினால் ஃபாரெக்ஸ் கார்டையும் முந்திவிடும்.

இந்தக் கணக்கை ஒரு பள்ளி ஆசிரியரோ தையற்கடைக்காரரோ பயணப் பெட்டி கட்டும் நேரத்தில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. போடுவதற்கான எண்கள் விற்பவரிடம் இருக்கின்றன, எங்களிடம் இல்லை. ‘ஜீரோ கமிஷன்’ என்ற பலகையை நாங்கள் இனி நம்பப்போவதில்லை. கமிஷன் விகிதத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. வாங்கும் விலை, விற்கும் விலை, நடு விகிதம் மூன்றும் ஒரே பலகையில், ஒரே அளவு எழுத்தில், தமிழிலும் இருக்க வேண்டும்.

முடியாது என்று சொல்லாதீர்கள். யுபிஐ மூலம் வெளிநாட்டுக் கடையில் கட்டும்போது, ரூபாயில் எவ்வளவு போகும் என்பது திரையில் தெரிந்த பிறகுதான் பின் எண்ணைப் போடுகிறோம். ஐம்பது ரூபாய் இளநீருக்குக் காட்ட முடிந்ததை எழுபதாயிரம் ரூபாய்க்குக் காட்ட முடியாதா? தனிநபர்களும் வங்கிகளுக்கிடையேயான விலைக்கு அருகில் டாலர் வாங்கட்டும் என்று எஃப்எக்ஸ்-ரீடெயில் தளம் 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டது. அப்படி ஒன்று இருப்பதை எங்கள் ஊர் வங்கிக் கிளையில் யாரும் வாயைத் திறந்து சொல்வதில்லை. டாலர் கேட்டு வருபவரிடம் அதை முதலில் சொல்வது கிளையின் கடமை என்று ரிசர்வ் வங்கி ஆணையிடட்டும்.

‘ரூபாயிலா, டாலரிலா?’

வெளிநாட்டுக் கடையில் கார்டை நீட்டினால் இயந்திரம் இப்படி ஒரு கேள்வி கேட்கும். பல நேரம் அது நம் கண்ணில் படுவதற்குள் கடைக்காரரே விரலால் அழுத்திவிடுவார். ‘உங்க ஊர் பணத்திலேயே போட்டாச்சு, கணக்கு ஈஸி’ என்று சிரித்துக்கொண்டே சொல்வார். 200 டாலர் பொருளுக்கு நடு விகிதப்படி 14,000 ரூபாய் ஆக வேண்டிய இடத்தில், ஐந்து சதவீதம் ஏற்றிய விகிதம் என்றால் 14,700 ஆகிவிடும். ஏற்றம் போகிற இடம் கடையும் அதன் வங்கியும் இயந்திரத்தை வைத்த நிறுவனமும். ரூபாயில் கட்டியதால் நம் வங்கியின் அந்நியச் செலாவணிக் கட்டணமாவது மிச்சம் என்று நினைத்தால் அதுவும் உறுதியில்லை. கடை வெளிநாட்டில் இருப்பதால் ரூபாய்ப் பரிவர்த்தனைக்கும் தனிக் கட்டணம் பிடிக்கும் வங்கிகள் இருக்கின்றன. ஒரே பைக்கு இரண்டு முறை வாடகை.

கார்டு நிறுவனங்களின் விதிப்படி இதில் தேர்வு வாடிக்கையாளருடையது. ஐரோப்பிய ஒன்றியம் இன்னும் ஒரு படி மேலே போனது. 2019இல் கொண்டுவந்த ஒழுங்குமுறையின் கீழ், 2020 ஏப்ரல் முதல் அங்கே இயந்திரமோ ஏடிஎம்மோ இப்படி நாணயம் மாற்றித் தந்தால், ஐரோப்பிய மத்திய வங்கியின் விகிதத்தைவிட எத்தனை சதவீதம் கூடுதல் என்று பணம் கட்டும் முன்பே காட்டியாக வேண்டும்.

சிங்கப்பூர்க் கடைக்கு இந்தியச் சட்டம் செல்லாது என்பது எங்களுக்குத் தெரியும். ஆனால் கார்டு கொடுத்தது இந்திய வங்கி. பயணம் தொடங்கும் நாளில் ‘இயந்திரம் கேட்டால் அந்த நாட்டுப் பணத்தையே தேர்ந்தெடுங்கள்’ என்று தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வங்கிக்கு என்ன செலவு? ரூபாயில் மாற்றிக் கட்டிய பரிவர்த்தனை வந்து விழுந்த அந்த நிமிடமே, கடையை விட்டு வெளியே வருவதற்குள், ‘இதில் நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது இவ்வளவு’ என்று சொல்லட்டும். ரூபாய்ப் பரிவர்த்தனைமீது பிடிக்கும் தனிக் கட்டணத்தை அடியோடு நீக்கட்டும்.

இதையே எங்கள் மண்ணிலும் கேட்கிறோம். மாமல்லபுரத்தில் கல் சிற்பம் வாங்க வரும் பிரெஞ்சுக்காரருக்கும், தி.நகரில் பட்டு எடுக்க வரும் மலேசிய அத்தைக்கும் இங்குள்ள இயந்திரம் அதே கேள்வியைக் கேட்கிறது. இந்திய எல்லைக்குள் இதற்குச் சட்டம் போடத் தடையேதும் இல்லையே.

குடும்பம் என்றால் ஒரு கார்டு இல்லை

வங்கிகளின் படிவங்கள் எல்லாம் தனி ஆளை மனதில் வைத்து எழுதியவை. பயணம் போவதோ நாலைந்து பேர். பெரும்பாலான வீடுகளில் கணக்கு, கார்டு, செயலி, ஓடிபி வரும் சிம் எல்லாம் ஒரே ஆண் பிள்ளையின் சட்டைப் பையில் இருக்கிறது. அந்தக் கார்டை ஏடிஎம் விழுங்கினால் ஐந்து பேரும் நடுத்தெருவில். பெண்ணின் கையில் தனியாகப் பணம் இருப்பது சௌகரியத்துக்காக என்றுகூடச் சொல்லமாட்டோம், பாதுகாப்புக்காக.

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் கதவில் வங்கிக் கார்டையே தட்டிவிட்டு உள்ளே போகலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் ஆளுக்கு ஒரு கார்டு வேண்டும், ஒன்றைத் தட்டிவிட்டு நான்கு பேர் நுழைய முடியாது. வெளிநாட்டுக் கார்டு என்றால் பயன்படுத்தும் ஒவ்வொரு நாளுக்கும் 60 சிங்கப்பூர் சென்ட் நிர்வாகக் கட்டணம் வேறு. குடும்பமாகப் போகிறவர்கள் அங்குள்ள பயண அட்டையான ஈஸி-லிங்க் கார்டு வாங்கிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். பேருந்தில் சில்லறை போட்டால் மீதி திரும்ப வராது. உணவங்காடிகளில் இன்னமும் ரொக்கம் கேட்கும் கடைகள் இருக்கின்றன. எந்தச் செலவுக்கு எந்த வழி என்று ஊருக்கு ஊர் மாறும் இந்த விவரங்களை, கார்டு விற்பவர் விற்கும்போதே ஒரு பக்கத் தாளில் தர வேண்டும்.

ஆகவே, ஃபாரெக்ஸ் கார்டு வாங்கும் குடும்பத்துக்கு இரண்டாவது பெரியவர் பெயரில் தனி எண் கொண்ட இன்னொரு கார்டு கட்டணமின்றி வேண்டும். ஒன்றை முடக்கினால் மற்றது வேலை செய்ய வேண்டும். கார்டின் பின்பக்கத்தில் அச்சிடும் 1800 எண் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து கிடைப்பதில்லை. நேரடியாக அழைக்கக்கூடிய எண்ணை, கண்ணாடி போடாமல் படிக்கும் அளவில் அச்சிடுங்கள். தொலைந்தது என்று மனைவி அழைத்துச் சொன்னாலும் முடக்குங்கள். ‘கார்டுதாரர்தான் பேச வேண்டும்’ என்ற பதிலை எச்சரிக்கைக் குரலுக்குச் சொல்லாதீர்கள்.

கார்டின் சர்வதேசப் பயன்பாடு இப்போது தானாகத் திறந்திருப்பதில்லை. 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த இந்த விதி நல்ல விதி, அதை மாற்றச் சொல்லவில்லை. ஆனால் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிய பிறகு, இந்திய சிம்மில் ரோமிங் இல்லாமல், வராத ஓடிபிக்காகக் காத்துக்கொண்டு அதைத் திறக்க முயல்வது தண்டனை. புறப்படும் தேதி, திரும்பும் தேதி, நாடு, தினசரி உச்சவரம்பு நான்கையும் முன்கூட்டியே பதிந்து வைக்கும் வசதி ஒவ்வொரு வங்கியிலும் வேண்டும். செயலி இல்லாதவர் கிளையில் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாலும் ஏற்க வேண்டும். அங்கீகரிக்காத பரிவர்த்தனையை மூன்று வேலை நாளுக்குள் தெரிவித்தால், வெளியார் செய்த மோசடிக்கு வாடிக்கையாளர் பொறுப்பில்லை என்று 2017 ஜூலைச் சுற்றறிக்கை சொல்கிறது. குறுஞ்செய்தியே போய்ச் சேராத ஊரில் அவர் எப்படித் தெரிவிப்பார்? எச்சரிக்கை மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் போக வேண்டும்.

நோட்டு விஷயம்

ரொக்கமாக ஒரு பயணத்துக்கு ஆளுக்கு 3,000 அமெரிக்க டாலர் மதிப்பு வரை நோட்டாக வாங்கலாம். சில நாடுகளுக்கு மட்டும் விதி வேறு. அவ்வளவை எடுத்துப் போகச் சொல்லி நாங்கள் யாரையும் தூண்டவில்லை. எங்கள் குறை தரத்தைப் பற்றியது. மடிப்பு விழுந்த, பேனாக் கோடு போட்ட, பழைய வரிசை நூறு டாலர் நோட்டைக் கண்டால் இந்தோனேசியாவிலும் வேறு பல இடங்களிலும் பணமாற்றுக்காரர் உதட்டைப் பிதுக்குகிறார், அல்லது விலையைக் குறைக்கிறார். இங்கே முழு விலைக்கு விற்பவர் அங்கே முழு விலைக்குப் போகும் நோட்டைத் தர வேண்டும். சிறு மதிப்பு நோட்டுகளும் கலந்து கேட்டால் முகம் சுளிக்காமல் தர வேண்டும்.

‘தாய்லாந்து பாட் இல்லை, டாலர் வாங்கிப் போய் அங்கே மாற்றிக்கோங்க’ என்று சொல்லும் கவுன்டர்கள், இரண்டு முறை மாற்றுவதால் ஆகும் மொத்தச் செலவைச் சொல்லட்டும். இலங்கைக்குப் போகிறவருக்கு இது தவிர்க்க முடியாத வழியாக இருக்கலாம். சிங்கப்பூருக்குப் போகிறவருக்கு அப்படியில்லை. ஒரு காலத்தில் சிங்கப்பூர் ராஃபிள்ஸ் பிளேஸ் அருகே சேஞ்ச் ஆலியில் நின்று உலகத்து நாணயங்களையெல்லாம் வாய்க்கணக்கில் மாற்றிக் கொடுத்தவர்களில் நம்மவர்கள் நிறைய. இன்றும் சிராங்கூன் சாலைப் பணமாற்றுக் கடைகளில் பக்கத்துக் கடை விகிதத்தைச் சொல்லிப் பேரம் பேசலாம். போட்டி இருந்தால் விலை இறங்கும் என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டாம். சென்னை, திருச்சி, கோவை, மதுரை விமான நிலையங்களில் பாதுகாப்புச் சோதனை தாண்டிய பயணிக்குப் பேரம் பேச யார் இருக்கிறார்கள்? அங்குள்ள கவுன்டர்கள் நடு விகிதத்திலிருந்து எத்தனை சதவீதம் விலகலாம் என்பதற்கு உரிம ஒப்பந்தத்திலேயே வரம்பு வையுங்கள்.

வரி

ஃபாரெக்ஸ் கார்டிலும் டெபிட் கார்டிலும் வெளிநாட்டில் செலவழிப்பது தாராளமயத் திட்டக் கணக்கில் சேரும். கிரெடிட் கார்டையும் சேர்ப்பதாக 2023 மே மாதம் அறிவித்து, எதிர்ப்பு எழவே ஜூன் 28ஆம் தேதி தள்ளிவைத்தார்கள். இன்னும் தள்ளிவைத்த நிலைதான். சேர்ப்பதானால் சேருங்கள், விடுவதானால் விடுங்கள். ஓராண்டு முன்னறிவிப்பு இல்லாமல் மட்டும் மாற்றாதீர்கள். சுற்றுலாச் செலவுக்குப் பணம் வாங்கும்போதே பிடிக்கும் டிசிஎஸ் வரியின் வரம்பு 2025 ஏப்ரலில் 7 லட்சத்திலிருந்து 10 லட்சமானது எங்களில் பலருக்குப் போதும். ஆனால் டூர் பேக்கேஜாக வாங்கினால் முதல் ரூபாயிலிருந்தே பிடிக்கிறார்கள். வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத பாட்டியின் பான் எண்ணில் பிடித்த பணத்தைத் திரும்பப் பெற அவர் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர்களுக்குத் தாக்கல் இல்லாமலே வங்கிக் கணக்கில் திருப்பிப் போடுங்கள்.

டூர் ஏற்பாட்டாளர்களே, ‘எல்லாம் உள்ளடக்கியது’ என்று அச்சிட்ட பிறகு வழிகாட்டிக்கும் ஓட்டுநருக்கும் ஆளுக்கு இத்தனை டாலர் டிப்ஸ் என்று பேருந்தில் வைத்து வசூலிக்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். கேட்பதானால் விலைத் தாளில் கேளுங்கள். கைச்செலவுக்கு எவ்வளவு எடுத்துப் போவது என்ற எங்கள் கணக்கே அதனால்தான் கெடுகிறது.

எங்களுக்கு நாங்களே

இங்கே ஒன்றை மறைக்காமல் பேசுவோம். பில் போடாத ஆளிடம் நாலு ரூபாய் குறைவென்று டாலர் வாங்கும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. சிங்கப்பூரில் இருக்கும் மாமா அங்கே செலவைப் பார்த்துக்கொள்ள, இங்கே அவர் சொன்ன ஆளிடம் ரூபாயாகக் கொடுத்து நேர் செய்வதும் நடக்கிறது. மாமா வீட்டில் தங்கிச் சாப்பிடுவது விருந்தோம்பல். எதிர்க்கணக்குப் போட்டு ரூபாயில் தீர்ப்பது ஃபெமா சட்டத்தின் முன் வேறு விஷயம். உரிமம் பெற்ற இடத்தில் மட்டும், பில்லோடு வாங்குவோம். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் என்றால் வங்கி வழியாகவே கட்டுவோம். வேறொருவரின் கவரை நம் பையில் வைக்கமாட்டோம். ஆனால் எது கூடும், எது கூடாது என்று ரிசர்வ் வங்கி எளிய தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தரட்டும். சட்டத்தைக் காட்டி மிரட்டுவதற்கு முன் அதைப் படிக்கக் கொடுப்பது முறை.

மீதிப் பணம்

திரும்பி வந்த 180 நாளுக்குள் மீதி வெளிநாட்டு நோட்டை ஒப்படைக்க வேண்டும், 2,000 டாலர் மதிப்பு வரை கையிலேயே வைத்துக்கொள்ளலாம் என்பது விதி. ஃபாரெக்ஸ் கார்டில் கிடக்கும் மீதி தானாகத் திரும்பி வருவதில்லை. பயன்படுத்தாத கார்டுக்குக் கட்டணம் என்று அது மெல்ல மெல்லத் தேய்கிறது. திரும்பி வந்த 30ஆவது நாள், அன்றைய நடு விகிதத்திலிருந்து ஒரு சதவீதத்துக்கு மேல் குறைக்காமல், கணக்கில் தானாக வரவு வைக்க வேண்டும். வேண்டாம், அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும் என்பவர் எழுதிக் கொடுக்கட்டும்.

நாணயங்களை யாரும் வாங்குவதில்லை. எல்லா வீட்டு அலமாரியிலும் ஒரு பழைய மாத்திரை டப்பா நிறையக் கிடக்கின்றன. சில விமானங்களில் யுனிசெஃப் உறை கொடுத்து வாங்கிக்கொள்கிறார்கள், அது நல்லது. எங்கள் விமான நிலையங்களின் வருகைப் பகுதியிலும் அரசுப் பள்ளிகளுக்கென்று ஒரு பெட்டி வையுங்கள்.

மேலே கேட்டவற்றில் பலகையை மாற்றுவது, குறுஞ்செய்தி அனுப்புவது, கார்டின் பின்பக்க எண்ணைப் பெரிதாக்குவது, நல்ல நோட்டு தருவது ஆகிய நான்குக்கும் சட்டத் திருத்தம் தேவையில்லை. வரும் பள்ளி விடுமுறைக்கு முன்பு இவற்றைச் செய்துவிட்டு, மற்றவற்றுக்கு எந்தத் தேதியில் பதில் தருவீர்கள் என்பதை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.